பழைய பிக்கப் வாங்குமுன்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

காரைப் பார்க்கும் கண்ணோடு பிக்கப்பைப் பார்த்தால் ஏமாறத்தான் வேண்டும். கார் ஓடி ஓடித் தேய்கிறது, பிக்கப் சுமந்து சுமந்து தேய்கிறது. காலியாகவே இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைவிட, அளவுக்கு மீறி லோடு அடித்து எண்பதாயிரம் ஓடிய வண்டி மோசமாக இருக்கலாம். மீட்டர் இதைச் சொல்லாது. சேஸிஸ், ஸ்பிரிங், பின் ஹவுசிங் (பின் ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூடு) இந்த மூன்றும் சொல்லும்.

எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. எவ்வளவு செலவாகும் என்று கேட்டு விலையில் குறைத்துவிடலாம். வளைந்த சேஸிஸுக்கோ உள்ளுக்குள் துருவரித்த சேஸிஸுக்கோ அப்படிக் கணக்குப் போட முடியாது. அதனால் பேனட்டைத் திறப்பதற்கு முன் வண்டியின் பின்பாதியைப் பாருங்கள். இங்கேயும் அதே வரிசைதான். (தனிச் சேஸிஸ் இல்லாமல் கார் போலவே ஒரே கூடாகக் கட்டப்பட்ட சில சிறிய பிக்கப்களுக்கு சேஸிஸ் பற்றிய பகுதி பொருந்தாது, மற்றவை பொருந்தும்.)

எடுத்துப்போக வேண்டியவை: நல்ல டார்ச், 5 மீட்டர் டேப், சின்னச் சுத்தியல், பழைய ஸ்க்ரூடிரைவர், துணியில் சுற்றிய காந்தம், வெள்ளைத் துணி, மல்டிமீட்டர், படுத்துப் பார்க்க ஒரு அட்டை, ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினியிலுள்ள கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) கிடைத்தால் அதுவும். வண்டி சமதளத்தில், காலியாக, எஞ்சின் ஆறிய நிலையில் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மழையிலும் இரவிலும் பார்க்காதீர்கள். ஈரம் பட்டால் எந்தப் பெயிண்டும் பளபளக்கும்.

கேபினுக்கும் லோடு பாடிக்கும் நடுவே இடைவெளி சீராக இல்லை

பிக்கப்பில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. வண்டியின் பக்கவாட்டில் நாலைந்து அடி தள்ளி நின்று, கேபினின் பின்சுவருக்கும் லோடு பாடியின் முன்சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிறகு டேப் வைத்து இடதுபுறம் மேலே, கீழே, வலதுபுறம் மேலே, கீழே என நாலு இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால், லோடு பாடி வால்பக்கமாகச் சரிந்திருக்கிறது. பின் ஆக்சிலுக்கு அப்பால் கனத்தைத் தொங்கவிட்டோ, கொக்கியில் அளவுக்கு மீறிய டிரெய்லரை மாட்டியோ ஓட்டிய வண்டியில் சேஸிஸ் இப்படிக் கீழ்நோக்கி மடங்கும். மேலே குறுகி, கேபினின் பின்சுவரில் பாடி உரசிய தடம் இருந்தால் சேஸிஸ் நடுவில் தொய்ந்திருக்கலாம். ஆனால் அதே தோற்றம் கேபின் மவுண்ட் ரப்பர்கள் நசுங்கினாலும் வரும். ரப்பர் என்றால் பயப்பட வேண்டாம், அது சின்ன வேலை. கேபினுக்கு அடியில் டார்ச் அடித்து, ரப்பர் வெடித்திருக்கிறதா, அதைத் தாங்கும் பிராக்கெட் அரித்திருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் நன்றாக இருந்தும் இடைவெளி கோணலாக இருந்தால் சந்தேகம் சேஸிஸ் மேல்தான்.

இடதும் வலதும் வேறு வேறு அளவு காட்டினால், ஒரு மூலையில் அடிபட்டு சேஸிஸ் சாய்சதுரமாக நெளிந்திருக்கலாம். லோடு பாடியின் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தி இந்த இடைவெளியைச் சரிசெய்துவிடுபவர்களும் உண்டு. பாடி போல்ட் தலைகளைப் பாருங்கள். சுற்றிலும் பழைய அழுக்கு இருக்க, போல்ட் தலையில் மட்டும் ஸ்பேனர் பட்ட புதுக் கீறல் இருந்தால் பாடியை ஏன் இறக்கினார்கள் என்று கேளுங்கள்.

அடுத்துப் படுத்துப் பாருங்கள். சேஸிஸ் ரெயில் (வண்டியின் நீளத்துக்கு ஓடும் சட்டம்) இரண்டையும் பின்முனையிலிருந்து முன்னோக்கி, டார்ச்சை ரெயிலோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். தயாரிப்பிலேயே வளைவுகள் இருக்கும், அதனால் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. இடதும் வலதும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதே கேள்வி. மடிப்பு விழுந்த இடத்தில் ரெயிலின் கீழ்விளிம்பு சுருங்கி, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருக்கும். கேபின் முடிந்து பாடி தொடங்கும் பகுதி, ஸ்பிரிங் ஹேங்கர் (ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் பிராக்கெட்) இணையும் இடம், குறுக்குச் சட்டத்தின் மூலைகள் ஆகிய மூன்றும்தான் விரிசல் விடும் இடங்கள். போல்ட் துளையிலிருந்து மயிரிழையாகக் கிளம்பும் துருக்கோடு கண்ணில் பட்டால் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். துடைத்த பிறகும் கோடு நின்றால் அது விரிசல்.

பற்றவைத்துப் பட்டை வைத்த சேஸிஸ் என்றால், பற்றவைப்பு எந்தத் தரத்தில் இருந்தாலும், கன வேலைக்கு வாங்கவேண்டாம். பற்றவைத்த இடம் தாங்கினாலும் அதன் விளிம்பில் அடுத்த விரிசல் வரும்.

அடிப்பாகம் மட்டும் புத்தம் புதிதாகக் கறுப்பாக இருக்கிறது

பத்து வருட வண்டியின் அடியில் புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் துருவை மறைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சுத்தியலால் ரெயில் நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மொத்தென்று ஒலிக்கும். மொத்தென்ற இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். விற்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்வது மரியாதை. சம்மதிக்காவிட்டால் அதுவே போதுமான பதில்.

பெட்டி வடிவ ரெயில்கள் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கின்றன. சேறும் நீரும் உள்ளே போய் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகின்றன. ரெயிலில் உள்ள துளைகள் வழியே டார்ச் அடித்து, செதில்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். டீசல் டாங்குக்கு மேலே உள்ள பகுதியும், பின் ஸ்பிரிங் ஹேங்கர்களைச் சுற்றிய பகுதியும் முதலில் போகும். பிரேக் குழாய்கள் ரெயிலில் கிளிப் போட்டுப் பிடித்திருக்கும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள்.

லோடு பாடியில் பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தால் ஒரு மூலையையாவது தூக்கிப் பார்க்க வேண்டும். லைனருக்கு அடியில் தேங்கும் ஈரம் வருடக் கணக்கில் அங்கேயே கிடக்கும். மீன், உப்பு, உரம், ஈரமணல் ஏற்றிய வண்டியில் தரைத்தகடு அடியிலிருந்து தின்றுபோயிருக்கும். தரை அலை அலையாக, குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே பள்ளம் விழுந்திருந்தால் ஒரே இடத்தில் கனத்தைப் போட்டு ஏற்றியிருக்கிறார்கள். அதோடு ஸ்பிரிங்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே கதையைச் சொல்லும்.

காலி வண்டி பின்பக்கம் தாழ்ந்தோ ஒருபக்கம் சாய்ந்தோ நிற்கிறது

காலியாக நிற்கும் பிக்கப்பின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருப்பதுதான் இயல்பு. சமமாகவோ தாழ்ந்தோ நின்றால் ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்துவிட்டன. ஒவ்வொரு சக்கர மையத்திலிருந்தும் அதன் மேல் உள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்து, இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள்.

பட்டைகளைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. மெயின் பட்டை காலியிலேயே தட்டையாகிவிட்டதா, எதிர்ப்பக்கம் வளைந்துவிட்டதா? ஏதாவது ஒரு பட்டையில் குறுக்கே பளபளப்பான கோடு தெரிகிறதா? அது உடைந்த பட்டை. பட்டைகளின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றா? கூடுதல் பட்டை சேர்த்திருந்தால், அதற்கென்றே ஒரு தேவை இருந்திருக்கிறது என்று பொருள். பட்டை சேர்த்தால் சேஸிஸும் ஆக்சிலும் பலமாகிவிடுவதில்லை. வண்டி தாழ்வது குறைகிறது, அதனால் ஓட்டுபவருக்கு இன்னும் ஏற்றலாம் என்று தோன்றுகிறது. கூடுதல் பட்டை உள்ள வண்டியில் ஹவுசிங்கையும் பேரிங்கையும் இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள்.

பம்ப் ஸ்டாப் ரப்பர்களையும் (ஆக்சில் சேஸிஸில் மோதாமல் தடுப்பவை) விடாதீர்கள். ரப்பர் நசுங்கி, கிழிந்து, அல்லது காணாமலே போயிருந்து, அது மோதும் இடத்தில் இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தால், அந்த வண்டி முழு இறக்கத்தில் ரொம்ப நாள் ஓடியிருக்கிறது. விற்பவர் ஏற்றியதே இல்லை என்று என்னதான் சொன்னாலும் இந்தத் தடத்தை யாரும் துடைத்துவைப்பதில்லை.

பின் டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது

முன் டயர் ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஒரே துண்டான பின் ஹவுசிங் உள்ள வண்டியில் பின் சக்கரங்களுக்கு அலைன்மென்ட் செய்ய எதுவுமே இல்லை. அங்கே டயர் ஓரம் தேய்கிறதென்றால் ஹவுசிங் வளைந்திருக்கலாம், அல்லது ஹவுசிங் நகர்ந்து நிற்கலாம். டயரை மாற்றிவிட்டு விற்பார்கள் என்பதால், நாலு டயரும் புதிதாக இருந்தால் பழைய டயர்களைப் பற்றி விசாரியுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம்: 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அதுதான் வண்டியோடு வந்த பழைய சாட்சி.

நேர்ரோட்டில் வண்டி நண்டு போலப் போகிறது

பின்னால் இன்னொரு வண்டியில் ஒருவரை வரச் சொல்லி, பிக்கப்பை நேராக ஓட்டுங்கள். பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்திலிருந்து ஒருபக்கமாக விலகி ஓடினால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, சேஸிஸ் நெளிவு. மற்றது, ஸ்பிரிங் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் உடைந்து ஆக்சில் ஒருபக்கம் நகர்ந்திருப்பது. ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்த நிலையில் லோடு ஓட்டினால் மொத்த இழுவையும் சென்டர் போல்ட்டின் மேல் விழுந்து அது அறுந்துவிடும்.

பிரித்தறியும் வழி சுலபம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்பிரிங் இருக்கையைப் பாருங்கள். ஆக்சில் பழைய இடத்திலிருந்து நகர்ந்த தடம் தெரிந்தால் போல்ட் மாற்றும் வேலைதான். தடம் இல்லாவிட்டால் சேஸிஸை மூலைக்கு மூலை, ஒரே மாதிரித் துளைகளுக்கு நடுவே, குறுக்காக அளக்க வேண்டும்.

நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருக்கிறது

பேனட்டில் கை வைத்தால் தெரியும். குளிர்ந்த எஞ்சினில்தான் ஹீட்டர் பிளக், பலவீனமான பேட்டரி, செயின் டென்ஷனர், வால்வு சீல் ஆகியவற்றின் கோளாறுகள் வெளியே வரும். வேறு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவதே நல்லது. ஆறும்வரை காத்திருக்கலாம் என்றால் குறைந்தது நாலைந்து மணி நேரம் ஆகும்.

ஆறியிருந்தால், ஸ்டார்ட் செய்யுமுன் மூன்று மூடிகளைத் திறந்து பாருங்கள். ரேடியேட்டர் மூடி: நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, செங்கல் நிறச் சேறு ஒட்டியிருக்கிறதா? ஆயில் மூடி: அடியில் வெளிறிய மஞ்சள் நிறத்தில் குழைந்த பசை இருக்கிறதா? மூடியில் மட்டும் லேசாக இருந்தால் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் குளிரில் ஈரம் சேர்ந்ததாகவும் இருக்கலாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கிலும் அதே பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. டிப் ஸ்டிக்: அளவு மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டர் கசிகிறது, அல்லது சைலன்சரில் உள்ள புகைத்தூசி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் வேலை பாதியில் நின்று நின்று டீசல் ஆயிலில் இறங்கியிருக்கிறது. டீசல் எஞ்சினில் ஆயில் கறுப்பாக இருப்பது மட்டும் கோளாறு அல்ல. மாற்றிய சில நாளில் அது கறுத்துவிடும்.

புகை

நிறத்தைவிட எப்போது வருகிறது என்பது முக்கியம்.

நீலப்புகை ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் ஒரு மூச்சு வந்து நின்றால் வால்வு சீல். ஏற்றத்தில் அழுத்தும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். நெடுநேரம் ஐட்லிங்கில் விட்டு, பிறகு ரேஸ் கொடுத்தால் பொக்கென்று வந்தால் வால்வு சீல் அல்லது டர்போ சீல். முதலாவது சில்லறை வேலை, இரண்டாவது எஞ்சினையே இறக்கும் வேலை.

கறுப்புப்புகை: டீசல் எரியப் போதுமான காற்று இல்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸில் கிழிசல், திறந்தபடி சிக்கிய இ.ஜி.ஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடுவது), இன்ஜெக்டர் என இந்த வரிசையில் மலிவானதிலிருந்து தேடுங்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் திடீரென மிதித்தால் ஒரு சின்னக் கறுப்பு மூச்சு வருவது இயல்பு. புகைத்தூசி வடிகட்டி உள்ள மாடலில் சைலன்சர் வாயில் விரல் விட்டுப் பாருங்கள். உள்சுவர் ஏறக்குறைய சுத்தமாக இருக்க வேண்டும். விரல் கரியானால் வடிகட்டி உடைந்திருக்கிறது, இல்லை உள்ளே குடைந்து எடுத்துவிட்டார்கள். பல இடங்களில் அது சட்டவிரோதம், புகைப் பரிசோதனையில் தேறாது.

வெள்ளைப்புகை குளிர்ந்த நேரத்தில் சிறிது வந்து மறைந்தால் நீராவி. கண்ணை எரிக்கும் டீசல் வாடையோடு வந்தால் ஹீட்டர் பிளக் அல்லது கம்ப்ரஷன் குறைவு. சூடான பிறகும் தித்திப்பு வாடையோடு நின்று மிதந்தால் கூலன்ட் எரிகிறது.

பேக் கம்ப்ரஷன் பார்க்க, எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைத் தளர்த்தி, துளையின் மேலேயே தலைகீழாக வையுங்கள். மூடி மெல்ல ஆடினால் பரவாயில்லை. தள்ளிவிடப்பட்டாலோ, புகை புகையாகக் கிளம்பினாலோ ரிங் தேய்ந்து, எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. சில எஞ்சின்களில் ஆயில் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

ரேடியேட்டர் ஹோஸ் சீக்கிரமே கல்லாகிறது

ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடத்தில் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சுடாத நிலையில் ஹோஸ் மட்டும் இறுகியிருந்தால், சிலிண்டரின் அழுத்தம் கூலன்ட்டுக்குள் கசிகிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், ஹெட்டே வெடித்திருக்கலாம். ஸ்டார்ட் செய்யுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்திருந்தால், தொடர்ந்து குமிழி வருவதையும் காணலாம். முதலில் சில குமிழிகள் அடைபட்ட காற்றாக இருக்கலாம், நிற்காமல் வருவதுதான் கோளாறு. சூடான பிறகு மூடியைத் தொடவே கூடாது.

லோடில் மட்டும் சூடேறும் வண்டிக்குப் பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்போ ஃபேன் கிளட்சோ காரணம். நன்கு சூடான எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுண்டுங்கள். விஸ்கஸ் கிளட்ச் உள்ள ஃபேன் இழுத்துப் பிடித்தாற்போல் உடனே நிற்க வேண்டும். விசிறி போலச் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்சின் பிடிப்பு போய்விட்டது. மின்சார ஃபேன் எஞ்சின் அணைந்த பிறகும் தானாக ஓடும், அதில் கை வைக்காதீர்கள்.

எஞ்சின் சத்தம்

குளிர் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடி சரசரவென்று உரசி அடங்கினால் டைமிங் செயின் டென்ஷனர். பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் மாற்றிய ரசீது இல்லாமல் யார் சொல்வதையும் நம்பாமல், வாங்கியவுடன் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேஸ் கொடுத்தால் அடியிலிருந்து கனமாக டொக் டொக் என்று வரும் சத்தம் கான்ராட் பேரிங். அதைக் கேட்ட பிறகு பேசுவதற்கு ஒன்றுமில்லை. டர்போவின் மெல்லிய விசில் இயல்பு. சைரன் போல ஊளையிட்டால் அதன் பேரிங் போய்விட்டது. ஏர் ஹோஸைக் கழற்றி, எஞ்சின் அணைந்த நிலையில் டர்போ ஷாஃப்ட்டை அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கும். முன்னும் பின்னும் ஆடக் கூடாது, இறக்கை சுவரில் உரசிய தடமும் கூடாது.

கிளட்ச், கியர்

மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் மேல் கியரில் போட்டு, ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் பேரிங். மிதிக்கும்போதுதான் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். எஞ்சினை அணைக்கும்போது கடகடவென்று உலுக்கி நின்றால் இரட்டை ஃபிளைவீல் ஆட்டம் கண்டிருக்கிறது. கிளட்ச் செட்டைவிட அதுதான் பெரிய செலவு.

கிளட்சை மிதித்து நாலு நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. ஓட்டத்தில் இரண்டாவது, மூன்றாவது கியர் மட்டும் கரகரத்தால் சிங்க்ரோ ரிங். ஆக்சிலேட்டரை விட்டவுடன் கியர் தானாக வெளியே வந்துவிட்டால் கியர்பாக்ஸைத் திறந்தே ஆக வேண்டும். ஆட்டோமேட்டிக்கில், டி அல்லது ஆர் போட்ட பிறகு இரண்டு நொடிக்கு மேல் யோசித்தால், அல்லது கியர் மாறும் இடைவெளியில் எஞ்சின் வீணாகச் சுற்று ஏறினால் ஆயிலை மோந்து பாருங்கள். கருகிய வாடை அடித்தால் டிரெய்லர் இழுத்த வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பின்னாலிருந்து ஊளை, தட்டு, அதிர்வு

இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். பிரித்துப் பாருங்கள்.

வேகத்தோடு ஏறும் ஊளை, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் மாறினால் கிரவுன் பினியன் (பின் ஹவுசிங்குக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி). மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், ஸ்டியரிங்கை இடதும் வலதும் லேசாக ஒடித்தால் மாறினால் சக்கர பேரிங். இடதுபக்கம் திரும்பும்போது கனம் வலதுபக்கம் சாய்கிறது. அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங்.

முன்னும் பின்னும் கியர் மாற்றி நகர்த்தும்போது டங்கென்று ஒரே தட்டு வந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான யூ ஜாயின்ட் கிராஸ், அல்லது கிரவுன் பினியனில் ஆட்டம். சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் பிடித்து, அடியில் போய் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் திருகுங்கள். கிராஸில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் எதுவும் இருக்கக் கூடாது.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் அதிர்ந்து, வேகம் எடுத்ததும் அடங்கினால், இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியில் சென்டர் பேரிங் ரப்பர். 80க்கு மேல் ஸ்டியரிங்கில் அதிர்ந்தால் முன் சக்கர பேலன்ஸ். சீட்டில் அதிர்ந்தால் பின் சக்கரம் அல்லது ஷாஃப்ட்.

ஹவுசிங்கின் நிரப்பும் போல்ட்டைக் கழற்றி விரல் விட்டுப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். ஆயில் துளையின் கீழ்விளிம்பு வரை இருக்க வேண்டும். பால் கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காந்த போல்ட்டில் மசி போன்ற தூள் ஒட்டுவது இயல்பு, துணுக்கு ஒட்டினால் பல் உடைந்திருக்கிறது. பின் சக்கரத்தின் உட்பக்கம் ஆயில் வழிந்திருந்தால், சீல் மாற்றச் சொல்லுமுன் ஹவுசிங் மேலுள்ள காற்றுப்போக்கியைப் பாருங்கள். அது சேற்றால் அடைபட்டால், சூட்டில் உள்ளே ஏறும் அழுத்தம் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். புது சீலும் நிற்காது. அந்த ஆயில் டிரம்முக்குள் இறங்கி பிரேக் ஷூவையும் நனைத்துவிடும்.

நாலு சக்கர இயக்கம் வேலை செய்கிறதா

தேவைப்படும்போது மட்டும் போடும் வகையை உலர்ந்த தார்ரோட்டில் போட்டுத் திருப்பிச் சோதிக்காதீர்கள். முன் பின் ஆக்சில்கள் திருப்பத்தில் வேறு வேறு தூரம் ஓட, நடுவில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லாததால் ஷாஃப்ட் முறுக்கேறும். மண் அல்லது சரளையில் ஹை, லோ இரண்டையும் போட்டுப் பாருங்கள். லோவில் முதல் கியரில் சரிவில் விட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். விளக்கு எரிந்தும் முன் சக்கரம் இழுக்கவில்லை என்றால் ஹப் அல்லது ஆக்சுவேட்டர் சிக்கியிருக்கிறது. வருடக் கணக்கில் போடாமலே விட்டதன் விளைவு அது.

பிரேக்கும் ஸ்டியரிங்கும்

பிரேக்கை ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர். எஞ்சின் அணைந்த நிலையில் நாலைந்து முறை மிதித்து, பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்தால் மிதி சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்குவம் பூஸ்டர்.

பல பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து சேஸிஸில் உள்ள ஒரு வால்வுக்கு ஒரு கம்பி போகும். லோடு ஏறிப் பாடி தாழ்ந்தால் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடுவது அதன் வேலை. கூடுதல் பட்டை போட்டு உயர்த்திய வண்டியில், லோடு இருந்தும் பாடி தாழாததால் வால்வு காலி வண்டி என்றே நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியைக் கழற்றி மேலே கட்டிவைத்திருந்தாலோ, காலி வண்டியில் ஈரரோட்டில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். கம்பி அதன் இடத்தில், அசையும்படி இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, மேலும் கீழுமாகப் பிடித்து அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட். பக்கவாட்டில் பிடித்து ஆடினால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் இணைப்புக் கம்பியின் முனை).

விளக்கு எரியவே இல்லை

சாவியைத் திருப்பியதும் எஞ்சின், ஆயில், ஏர்பேக், ஏ.பி.எஸ் விளக்குகள் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு அணைந்திருக்க வேண்டும். ஒன்று எரியாமலே இருந்தால் யாரோ அதை அடக்கிவைத்திருக்கலாம். ஸ்கேனரில் கோளாறுக் குறியீடு எதுவும் இல்லாமல், சுயபரிசோதனைகள் பெரும்பாலானவை முடியவில்லை என்று காட்டினால், குறியீடுகளைச் சமீபத்தில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுருளின் ஆழத்தில் சேற்றுக்கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. மீட்டரில் குறைவான கிலோமீட்டர் காட்டியும் பெடல் ரப்பர் வழவழத்து, ஸ்டியரிங் தோல் பளபளத்திருந்தால் மீட்டரை நம்பாமல் சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். சேஸிஸ் எண்ணை ஆவணத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 17 இடங்கள் கொண்ட எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது. எண் பொறித்த இடத்தைச் சுற்றி மட்டும் அரம் தேய்த்த தடமோ புதுப் பெயிண்டோ இருந்தால் அதோடு கிளம்பிவிடுங்கள்.

வண்டி நன்றாக இருக்கிறது, ஆனால் உங்கள் வேலைக்குப் போதுமா

கதவுத் தூணில் ஒட்டிய தகட்டில் மொத்த அனுமதி எடை இருக்கும். அதிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் சுமை. தகட்டில் 2,950 கிலோ, காலி எடை 1,850 என்றால் 1,100 கிலோ மிஞ்சும். ஆனால் அது முழுவதும் சரக்கு அல்ல. மூன்று பேர் 225 கிலோ, மேல்கூடு 100, டிரெய்லர் கொக்கியில் அழுத்தும் எடை 100 போனால், ஏற்ற இருப்பது 675 கிலோதான். இரட்டைக் கேபின் என்றால் காலி எடை கூடும், பாடி நீளம் குறையும். அதனால் நீளமான பொருள் பின் ஆக்சிலுக்கு அப்பால் தொங்கும், முதலில் சொன்ன இடைவெளிக் கோளாறு அப்படித்தான் தொடங்குகிறது. கன வேலைக்கு ஒற்றைக் கேபினே மேல். ஆட்களையும் ஏற்றி அவ்வப்போது சரக்கும் ஏற்றுபவர்கள்தான் இரட்டைக் கேபின் பக்கம் போகலாம்.

எல்லாம் தேறினால், முடிவுக்கு முன் அனுமதித்த சுமையில் பாதியையாவது ஏற்றி அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். காலியில் மறைந்திருந்த கிளட்ச் வழுக்கல், சூடேற்றம், பினியன் ஊளை, சென்டர் பேரிங் அதிர்வு எல்லாம் லோடில் வெளியே வரும். திரும்பி வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கர மையத்தின் அருகிலும் தொடாமல் கையைக் கொண்டுபோங்கள். மற்ற மூன்றைவிட ஒன்று அதிகம் கொதித்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. பிறகு எஞ்சினிலிருந்து ஹவுசிங் வரை அடியில் அட்டையை விரித்து, கால்மணி நேரம் கழித்து என்னென்ன சொட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு விலை பேச உட்காருங்கள்.